கார் நிக்கோபாரில் 'பி.ஆர்.' கிடைக்குமா?
புதிதாய் வருவோர் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

"சார், கனடாவுல என் மச்சான் போய் அஞ்சு வருஷத்துக்குள்ள பி.ஆர். வாங்கிட்டான். நாம இந்தியாவுக்குள்ளதான இருக்கோம்? கார் நிக்கோபார்ல எத்தனை வருஷம் இருந்தா நமக்குப் பெர்மனென்ட் குடுப்பாங்க?"

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கக் கட்டடத்தில் தேனிப் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்னைக் கப்பலில் மூன்று நாள் வாந்தியெடுத்த களைப்பு முகத்தில் இருந்தது. பக்கத்தில் மனைவி, இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. ஊரில் ஒரு புரோக்கர் நாற்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, "கார் நிக்கோபார்ல காண்ட்ராக்டர் வேலை, பத்து வருஷம் இருந்தா தென்னந்தோப்போட நெலம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இங்கே வந்து பார்த்தால் தம்பிக்கு மட்டும் தொழிலாளர் பாஸ். அதுவும் குறிப்பிட்ட மாதங்களுக்கு. மனைவி, குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நிலத்தைப் பற்றிக் காண்ட்ராக்டரின் ஆளிடம் கேட்டதற்கு அவர் சிரித்தாராம்.

மலர்க் குழுவினர் இவ்வாண்டு என்னிடம் கட்டுரை கேட்டபோது இந்தத் தம்பியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நான் சட்டம் படித்தவனல்ல. பொதுப்பணிக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். 1988ல் ராமநாதபுரம் சீமையிலிருந்து போர்ட் பிளேயர் வந்தேன் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜய புரம் என்று பெயர், என் நாக்குக்கு இன்னும் பழகவில்லை, பொறுத்துக்கொள்ளவும்). 1991 முதல் 2004 வரையும், பிறகு 2007 முதல் 2013 வரையும் கார் நிக்கோபாரில் வேலை. ஆக 19 வருஷம் அந்த மண்ணில் சோறு தின்றவன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

தம்பிக்கு நான் சொன்ன முதல் பதில் இது: கார் நிக்கோபாரில் நமக்கு நிரந்தரக் குடியுரிமை என்று ஒன்று கிடையாது. பத்து வருஷம் இருந்தாலும் கிடையாது, நாற்பது வருஷம் இருந்தாலும் கிடையாது. அங்கே பிறந்த நம் பிள்ளைக்கும் கிடையாது. இதைக் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டால் பாதிக் கண்ணீர் மிச்சம்.

"அதெப்படி சார்? இந்தியக் குடிமகன் இந்தியாவுல எங்கயும் குடியிருக்கலாம்னு சட்டத்துல இருக்குல்ல?" என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் அதே பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு, பொது நலனுக்காகவோ பழங்குடி மக்களின் நலனைக் காக்கவோ நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. நாம் முதல் வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு இங்கே உள்ள பெயர் 1956ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் தீவுகள் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம். இதன்கீழ் கார் நிக்கோபார் தீவு முழுவதும் பழங்குடி ரிசர்வ். சாரத்தை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பழங்குடியினர் அல்லாதவர் பாஸ் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. பழங்குடியினர் தம் நிலத்தை வெளியாருக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ அடமானம் வைக்கவோ முன் அனுமதி வேண்டும். வெளியார் அங்கே வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். சட்டம் வந்த காலத்தில் அதிகாரம் சீஃப் கமிஷனரிடம் இருந்தது. 1982 முதல் இங்கே துணைநிலை ஆளுநர். 2012ல் வந்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. மீறினால் அபராதத்தோடு தப்பிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெயில் உண்டு.

பாஸ் என்பதை நம்மவர்கள் "ட்ரைபல் பாஸ்" என்பார்கள். கொடுப்பது டி.சி. ஆபீஸ், அதாவது துணை ஆணையர் அலுவலகம். நிக்கோபார் 1974 ஆகஸ்டில் தனி மாவட்டமானது. தலைமையிடம் கார் நிக்கோபாரிலேயே இருக்கிறது. பாஸில் நாலு விஷயம் பார்க்க வேண்டும்: யாருக்கு, எந்தத் தீவுக்கு, எதற்காக, எந்தத் தேதி வரை. கார் நிக்கோபாருக்கு வாங்கிய பாஸை வைத்துக்கொண்டு கமோர்ட்டாவில் இறங்க முடியாது. கணவனுக்கு வாங்கியதை மனைவிக்குக் காட்ட முடியாது. வேலைக்கு என்று வாங்கிவிட்டுக் கடை வைக்க முடியாது. தேதி முடிந்தால் நீட்டிக்க மனுப் போட வேண்டும், முடிவதற்கு முன்னால். "பத்து நாள்தானே தாண்டிச்சு" என்று சொல்லிக் கையைப் பிசைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூஸ் ஜெட்டியில் கப்பல் நிற்கும்போது பேப்பரைத் தேடுகிறவன் கதி பரிதாபம். சுற்றிப் பார்க்க மட்டும் போகிறேன் என்றால் பாஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஊரிலிருந்து மாமனார் மாமியாரை வரவழைத்துத் தீவைக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

சிலர் பத்திரிகையில் படித்துவிட்டு, "2018லயே முப்பது தீவுக்குப் பெர்மிட் தேவையில்லைன்னு எடுத்துட்டாங்களே" என்கிறார்கள். அது வெளிநாட்டவருக்கான தடைப் பகுதிப் பெர்மிட்டைப் பற்றிய அறிவிப்பு. பழங்குடி ரிசர்வுக்கான பாஸ் தேவை என்று அந்த அறிவிப்பிலேயே தனியாகச் சொல்லப்பட்டது. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இது ஏதோ தமிழனை மட்டும் தடுக்க வந்த சட்டம் என்று நினைக்கிற அன்பர்களும் நம்மில் உண்டு. லட்சத்தீவுக்குப் போகவும் 1967ஆம் ஆண்டு விதிகளின்படி பெர்மிட் வேண்டும். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரமுக்கு உள்கோட்டு அனுமதி. அதன் மூலம் 1873ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். 2019 டிசம்பரில் மணிப்பூரும் அதில் சேர்ந்தது. காஷ்மீரில் 2019 வரை வெளி மாநிலத்தார் நிலம் வாங்க முடியாது. அந்தப் பிரிவு போன பிறகு, 2020ல் 15 வருஷம் குடியிருந்தவருக்கு அங்கே இருப்பிடச் சான்று என்று விதி வந்தது. கனடாவைச் சொன்னாரே தம்பி, அங்கேயும் பி.ஆர். கையில் இருந்தால் மட்டும் போதாது. ஐந்து வருஷத்தில் 730 நாள் அந்த நாட்டுக்குள் இருந்த கணக்கைக் காட்ட வேண்டும். ஆக வாசல் எல்லா ஊரிலும் உண்டு. கார் நிக்கோபாரின் வாசல் கொஞ்சம் குறுகல்.

ஏன் குறுகல் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் ஆபீஸ் நோட்டீஸ் ஆகிவிடும்.

ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருகிறது என்று நம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நக்கவாரத்தில் இருக்கிறவர்கள் பக்கமிருந்தும் யோசிக்க வேண்டும் அல்லவா? அவர்கள் பார்த்தது டேனிஷ்காரர்களை. 1869ல் வந்த ஆங்கிலேயரை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியரை. அந்த மூன்று வருஷத்தில் உளவாளிகள் என்று சந்தேகப்பட்டு எத்தனையோ நிக்கோபாரிகளைக் கொன்றார்கள். இவர்களைத் தவிர, எந்தக் கொடியும் இல்லாமல் வந்த வியாபாரிகள் இருந்தார்கள். துணியும் அரிசியும் கடனுக்குக் கொடுத்து, அடுத்த வருஷத் தேங்காயை இந்த வருஷமே எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். கொப்பரைதான் அங்கே காசு. அந்தக் கடனிலிருந்து மக்கள் மீண்டதில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்கு உண்டு. கார் நிக்கோபாரில் எல்லோன் ஹினெங்கோ என்ற சங்கம் பேர்போனது. கொப்பரையை எடுத்துக்கொண்டு சாமான் தருவார்கள். நானும் என் மாதச் சாமானை அங்கேதான் வாங்கினேன்.

கார் நிக்கோபார் சுமார் 127 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 17,841. சதுர கிலோமீட்டருக்கு 140 பேர் வருகிறது. அதே வருஷம் தமிழ்நாட்டில் 555. தமிழ்நாட்டின் ஒரு தாலுகாவிலிருந்து கொஞ்சம் பேர் கிளம்பி வந்தால்கூட அந்தத் தீவின் கணக்கு தலைகீழாகிவிடும். நான் மிகைப்படுத்தவில்லை. லிட்டில் அந்தமானைப் பாருங்கள். ஓங்கே மக்களின் பூர்வீகத் தீவு. 1960களின் கடைசியிலிருந்து குடியேற்றம் நடந்தது. ஹட் பேயில் நம்மவர்களும் இருக்கிறோம். 2011ல் ஓங்கேக்கள் 101 பேர். திரிபுராவில் ஒரு காலத்தில் பாதிப் பேராக இருந்த பழங்குடியினர் 2011ல் 31.8 சதவீதம். இதையெல்லாம் கார் நிக்கோபாரின் கேப்டன்கள் நன்றாக அறிவார்கள்.

கேப்டன் என்றதும் கப்பல் கேப்டன் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அங்கே ஊர்த் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். மூஸ், லப்பாத்தி, பெர்க்கா, மலாக்கா, காக்கானா, சவாய், ஆரோங் என்று ஊருக்கு ஊர் முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன் உண்டு. அவர்களுக்கு மேல் ட்ரைபல் கவுன்சில். நம் ஊர்ப் பஞ்சாயத்துச் சட்டம் அங்கே கிடையாது. 2009ல் பழங்குடி மன்றங்களுக்கென்றே தனி ஒழுங்குமுறை வந்தது. நிலம் தனியாளுக்குச் சொந்தமில்லை. 'துஹெத்' என்கிற பெரிய கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். அதனால்தான் "அந்த வீட்டுக்காரர் எனக்கு ரெண்டு ஏக்கர் தரேன்னு சொன்னாரு சார்" என்று யாராவது வந்து சொன்னால் நான் கேட்பது ஒரே கேள்வி: "அது அவருதா?" அந்த ஒருவர் நினைத்தாலும் தர முடியாது. துஹெத் சம்மதித்தாலும் சட்டம் விடாது. புரோக்கர் சொல்லும் தென்னந்தோப்பு இந்த இரண்டு பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

1996 என்று நினைவு. எனக்கும் அந்த ஆசை வந்தது. பணியில் ஐந்து வருஷம் முடிந்திருந்தது, மகன் அங்கேயே பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தான். ஒரு கேப்டனோடு நல்ல பழக்கம். ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் இளநீர் குடித்துக்கொண்டே, ரிட்டயர் ஆன பிறகு இங்கேயே ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடம் கிடைக்குமா என்று இந்தியில் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உனக்கு உன் ஊர்ல நெலம் இருக்கா?" என்றார். "இருக்கு, அப்பா விட்டுட்டுப் போன ரெண்டு ஏக்கர்" என்றேன். "எனக்கு வேற ஊர் இல்ல" என்றார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த இளநீர் இறங்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

அடுத்து வியாபாரம். "கடை வைக்கலாமா?" லைசென்ஸ் இருந்தால் வைக்கலாம். லைசென்ஸ் ஆளுக்கும் தொழிலுக்கும் காலத்துக்கும் உட்பட்டது. அது நிலத்தின் மேல் எந்த உரிமையும் தராது. சிலர் நிக்கோபாரி நண்பர் ஒருவர் பெயரைப் போட்டுக்கொண்டு பின்னால் இருந்து கடை நடத்தப் பார்ப்பார்கள். நான் இதை நேராகவே எதிர்க்கிறேன். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் போட்ட முதலைக் கேட்டு எந்தக் கோர்ட்டிலும் நிற்க முடியாது என்பது இன்னொரு பக்கம். அங்கே நமக்கு இருக்கிற நல்ல பெயரும் போய்விடும்.

கல்யாணக் கேள்வியைக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்பார்கள். நிக்கோபாரிப் பெண்ணையோ பையனையோ மணந்தால் பழங்குடி ஆகிவிடலாமா? ஆக முடியாது. பழங்குடித் தகுதி பிறப்பால் வருவது, தாலியால் வருவதல்ல. 1996ல் வல்சம்மா பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட ஒதுக்கீடு விஷயத்தில் இதைத் தெளிவாக்கியது. பிள்ளைகள் விஷயம் சற்று வேறு. 2012ல் ரமேஷ்பாய் வழக்கில், அப்பா எந்தச் சாதியோ அதுதான் பிள்ளைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது, பிள்ளை எந்தச் சமூகத்தில் எப்படி வளர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது. ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள், ஆசீர்வாதம். நிலத்துக்காகச் செய்யாதீர்கள்.

இனி நம் குடும்பங்களை உண்மையிலேயே பாதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கார் நிக்கோபாரில் நிரந்தர உரிமை இல்லை; சரி. ஆனால் இந்த யூனியன் பிரதேசத்தில் 'தீவுவாசி' என்ற அந்தஸ்து ஒன்று உண்டு. ஐலாண்டர் கார்டு, லோக்கல் சர்டிபிகேட் என்பவை அதன் அடையாளம். கப்பலில் தீவுவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு வேறு கட்டணம் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலைவாய்ப்பு, கல்லூரி இடம் என்று வரும்போதுதான் இதன் அருமை தெரியும். இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: இத்தனை வருஷம் தொடர்ந்து இங்கே வசித்தோம் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். கார் நிக்கோபாரில் வேலை பார்த்த வருஷமும் தீவில் இருந்த வருஷம்தான். அந்தக் காகிதத்தை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியது. குவார்ட்டர்ஸ் சுவர் விரிந்தது. மகனையும் மனைவியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து நிற்பதற்குள் கடல் சத்தம் மாறிவிட்டது. யாரோ நிக்கோபாரிப் பையன் "அந்தர் பாகோ, அந்தர்" என்று கத்தினான். தென்னந்தோப்புக்குள் தீவின் நடுப்பக்கம் ஓடினோம். மலாக்காவில் விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தாருமாக 116 பேர் போனார்கள். நாங்கள் நாலு நாள் ஒரு துஹெத்தாரோடு இருந்தோம். அவர்களுக்கே சோறில்லை, இளநீரையும் தேங்காயையும் பங்கு போட்டார்கள். பிறகு விமானப்படை விமானம் எங்களைப் போர்ட் பிளேயருக்குக் கொண்டுவந்தது. உடுத்திய துணி மட்டும் மிச்சம்.

தகரப் பெட்டியில் இருந்த ரேஷன் கார்டு, மகனின் பிறப்புச் சான்று, பாஸ் நகல்கள், மனைவியின் பள்ளிச் சான்று எல்லாம் கடலோடு போயின. அன்றைக்கு அது ஒரு நஷ்டமாகவே தோன்றவில்லை. உயிர் இருந்ததே. 2012ல் மகனுக்குக் கல்லூரி என்று வந்தபோதுதான் அந்தப் பெட்டியை நினைத்தேன். தீவுப் பக்கம் ஓர் ஆபீசில், "1994லிருந்து இங்கே இருந்ததற்கு ஆதாரம்?" என்றார்கள். ஊர்ப் பக்கம் ஓர் ஆபீசில், "நீங்க இங்க இல்லையே, நேட்டிவிட்டி எப்படித் தர்றது?" என்றார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே படித்த பிள்ளைக்கு இருப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளி மாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்பார்கள். தாய்நாட்டிலும் இல்லை, வந்த நாட்டிலும் இல்லை என்று என் மகன் நடுக்கடலில் நின்றான். ஒரு வருஷம் வீணானது.

கடைசியில் எது காப்பாற்றியது தெரியுமா? போர்ட் பிளேயர் ஆபீசில் இருந்த என் சர்வீஸ் புத்தகம். எந்தத் தேதியில் கார் நிக்கோபாரில் சேர்ந்தேன், எப்போது லீவு, எப்போது மாற்றல் என்று ஒவ்வொரு பக்கமும் முத்திரையோடு இருந்தது. பழைய வாக்காளர் பட்டியலின் நகல் இன்னொரு துணை. அதனால் புதிதாய் வருவோருக்கு நான் முதலில் சொல்வது, போனதும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள் என்பதுதான். 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் ஓட்டு. நிலம் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கார் நிக்கோபார் குவார்ட்டர்சில் இருந்துகொண்டு நானே பல தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். ஆனால் ஊரிலும் ஒரு ஓட்டு, இங்கேயும் ஒரு ஓட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். அது குற்றம்.

ஆதாரில் தீவு முகவரி இருந்தால் போதாதா என்கிறார்கள் இளைஞர்கள். போதாது. ஆதார் எண் குடியுரிமைக்கோ இருப்பிட உரிமைக்கோ சான்றல்ல என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டமே சொல்கிறது. பிள்ளை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டு எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே பிரதான ஆவணம். சான்றில் பிறந்த ஊர் கார் நிக்கோபார் என்று இருக்கும். அழகாக இருக்கும். அதைக் காட்டி நிலம் கேட்க முடியாது, அவ்வளவுதான். எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு செட் நகல் எடுத்து ஒன்றை மெயின்லேண்டில் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைக்கவும். இது சுனாமி கற்றுக்கொடுத்த பாடம்; யாரும் சிரிக்க வேண்டாம்.

சாதிச் சான்று பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவதால் நானே எழுதுகிறேன். அந்தமான் நிக்கோபாருக்கு என்று ஷெட்யூல்டு சாதிகள் பட்டியலே கிடையாது. கணக்கெடுப்பில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஷெட்யூல்டு சாதிக் குடும்பம் இங்கே அந்தச் சலுகையைப் பிரதேச அளவில் கேட்க முடியாது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் சொந்த மாநிலத்துத் தகுதி கூடவே வராது என்று 1990ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018ல் பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மத்திய அரசு வேலைகளுக்குச் சொந்த மாநிலத்துச் சான்று செல்லும். ஆகவே அப்பா பெயரில் உள்ள தமிழ்நாட்டுச் சான்றைத் தொலைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் காலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீவில் மூன்று தலைமுறை ஆகிவிட்டது, ஊரில் யாரும் இல்லை என்கிற குடும்பங்களின் பாடு சங்கடமானது. 2011 கணக்கில் இந்தத் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். இவ்வளவு பேர் இருந்தும் இந்தக் குறையைத் தீர்க்க நாம் ஒன்று சேர்ந்து போதுமான அளவு பேசவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

"அப்ப காம்ப்பெல் பேயில மட்டும் நம்மாளுங்களுக்கு நெலம் இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கிறது. 1969 முதல் கிரேட் நிக்கோபாரில் முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசே குடியமர்த்தியது. தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. அது அரசு ஒதுக்கிய வருவாய் நிலம். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து வந்த நம் மக்களையும் அரசே அழைத்து வந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கணக்கில் சிலரது கப்பல் கச்சாலுக்கு வந்தது. எந்த நாட்டில் இருப்போம் என்று தம்மையே கேட்டுத் தவித்தவர்கள் அவர்கள். அந்த வரலாற்றை யாராவது இளைஞர் நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டும். அடுத்த மலருக்குள் எழுதினால் நல்லது. இந்த இரண்டையும் உதாரணம் காட்டி நாம் கார் நிக்கோபாரில் நிலம் கேட்க முடியாது.

ரிட்டயர் ஆகும்போது என்ன செய்வது? குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். பாஸின் காரணம் வேலை. வேலை முடிந்தால் பாஸும் முடியும். கடைசி இரண்டு வருஷத்தில் திட்டம் போடாதவர்கள் கஷ்டப்படுகிறார்கள். ஒன்று ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போல் போர்ட் பிளேயரில் வாடகைக்கு இருக்க வேண்டும். அந்தமான் பக்கத்து நிலங்களுக்கு 1966ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் வாங்குவதற்கு முன் தாசில்தார் ஆபீசில் நில ஆவணத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

2013ல் மாற்றல் வந்து கார் நிக்கோபாரை விட்டுக் கிளம்பிய அன்று, இளநீர் கொடுத்த அந்தக் கேப்டனின் மகன் ஜெட்டிக்கு வந்திருந்தார். அவர் அப்பா சுனாமியில் போய்விட்டார். ஒரு சாக்குத் தேங்காயும், தாழைப்பழ மாவில் செய்த பண்டமும் கொண்டுவந்தார். "பாஸ் வாங்கிக்கிட்டு வாங்க" என்று சொன்னார். வேடிக்கையாகச் சொன்னாரா, முறையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

தேனித் தம்பி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புரோக்கரிடம் போன பணம் போனதுதான். மனைவியையும் குழந்தையையும் ஹேடோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியில் தங்க வைத்தோம். தம்பி ஆறு மாத வேலையை முடித்துவிட்டுப் பாஸ் தேதிக்கு நாலு நாள் முன்னதாகவே கப்பல் ஏறி வந்துவிட்டார். இப்போது இங்கேயே எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தாயிற்று. வாடகை ரசீதை மாதம் தவறாமல் வாங்கிக் கோப்பில் வைக்கிறார், நான் விடுவதில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் நான் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். கார் நிக்கோபாருக்குப் போகிறவர்கள் கப்பல் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் வந்தால் நல்லது. காண்ட்ராக்டர் கொடுத்த கடிதம், பாஸ் மனு, அடையாள அட்டை மூன்றின் அசலையும் நகலையும் கொண்டுவரவும். மனைவியும் போவதாக இருந்தால் அவர்களுடைய காகிதத்தையும் சேர்த்தே கொண்டுவரவும்.